பலாப்பழ வண்டியில் வந்த வீட்டுப்பாடம்

என்னிடம் ஓவியம் படித்தவர்களிலேயே படுமோசமாகப் படம் போட்ட மாணவருக்கு நாற்பது வயது. மீசை உண்டு. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டினார். அவர் என் மாணவர் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகளின் பெயரைப் போட்டு, வாராவாரம் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். நானோ மகளைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ரோட்டோரம் நின்று அவர் முகத்துக்கு நேராக அவரையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடிய சமயம் அது. கொல்லிமலை மேலே ஓர் அரசுப் பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வீடு அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய், பாதி நாள் பாடம் எடுத்துவிட்டு இறங்குவேன். திடீரென்று பஸ் நின்றது. பள்ளியும் நின்றது. கணக்கும் அறிவியலும் டிவியில் வந்தன. ஓவியத்தை ஒருவரும் சீந்தவில்லை. “ஊரு கெடக்கிற கெடப்புல உனக்குப் படம் ஒரு கேடா?” என்று என் வீட்டுக்காரரே கேட்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில் இருக்கும். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கிடையாது. ஒரு பிள்ளை மிச்சமிருந்தாலும் வகுப்பு நடத்திக் காட்டுவது என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

என் மாணவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ஊர்க்காரர்கள். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே கொஞ்சம் வீடுகள், கீழே மரவள்ளிக் காடு, அவ்வளவுதான் ஊர். அங்கே டச் போன் வைத்திருந்தவர் ஒரே ஆள். அவர்தான் நான் சொன்ன பிக்கப்காரர். அவர் போனுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவேன். என்ன வரைய வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று பேசி அனுப்புவேன். பிள்ளைகள் வரைந்ததைப் படம் பிடித்து அவர் போனிலிருந்தே அனுப்ப வேண்டும். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது பிரமாதமான திட்டமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் வந்த படங்களைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே இருட்டு. ஆடு எது, வீடு எது என்று ஒன்றும் புரியவில்லை. “என்ன கண்ணுங்களா இது, ஒண்ணுமே தெரியலையே, நல்லாத் தெரியிற மாதிரி அனுப்புங்க” என்று பேசி அனுப்பினேன். தங்கமான பிள்ளைகள்! கோடு மெலிசாக இருப்பதால்தான் டீச்சருக்குத் தெரியவில்லை என்று நினைத்து, ஆளுக்கொரு அடுப்புக்கரியை எடுத்து, கோட்டின் மேலேயே அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். மறுவாரம் வந்தவை முன்னைவிடக் கறுப்பு. கரிமூட்டையைப் படம் பிடித்து அனுப்பினது போல இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, “எந்த நேரத்துல சாமி போட்டோ எடுக்கிறீங்க?” என்று கேட்டேன். ஒரு வாண்டு பதில் சொன்னது: “வண்டி வந்தப்புறந்தானுங்க மிஸ். போனு வண்டியிலதானுங்க இருக்கும்.” வண்டி சந்தைக்குப் போய்த் திரும்பி, வழியில் ஊர் ஊராகச் சாமான் இறக்கிவிட்டு வந்து சேரும்போது பொழுது இறங்கிவிடுகிறது. கோளாறு பிள்ளைகளிடமும் இல்லை, கரியிலும் இல்லை.

போட்டோ வேண்டாம், தாளையே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஊரடங்கிலும் காய், பழ வண்டிகளுக்குத் தடை இல்லை. பலா சீசன் வேறு. புதன்கிழமை தோறும் காலையில் பிக்கப் நிறையப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு அவர் மலை இறங்குவார். முள்ளுக்குறிச்சியில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் இடத்துக்கு அருகில் நான் முகக்கவசத்தோடு நிற்பேன். பிள்ளைகளின் படக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போவார். மத்தியானம் அவர் திரும்புவதற்குள் நான் திருத்தி, கீழே ரெண்டு வரி எழுதி, அடுத்த பாடத்தையும் சேர்த்து வைத்திருப்பேன். அவர் வாங்கிக்கொண்டு மலை ஏறுவார்.

படங்கள் பலா வாசனையோடு வந்தன. வாசனை மட்டுமா? பழங்களுக்கு நடுவில் செருகிக் கொண்டுவருவதால் பலாப்பால் பட்டு, மாட்டோடு வீடு ஒட்டியிருக்கும், வீட்டோடு அடுத்த பிள்ளையின் அருவி ஒட்டியிருக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் தாளைப் பிரிப்பேன். வீடே கமகமவென்று மணக்கும். “பழம் எங்கே?” என்று வீட்டுக்காரர் தேடுவார். பழம் கிடையாது, வீட்டுப்பாடந்தான் என்று சொன்னால் நம்பமாட்டார். இரண்டு வாரத்தில் பிள்ளைகளே அந்தப் பாலைப் பசையாக்கி, கேழ்வரகையும் தினையையும் தாளில் ஒட்டிப் படம் செய்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். கேழ்வரகில் செய்த ஒரு எருமை வந்தது பாருங்கள், அப்படி ஒரு எருமையை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

எல்லார் படமும் வந்தது. வண்டிக்காரரின் மகள் படம் மட்டும் வரவில்லை. வகுப்பில் நன்றாக வரைகிற பெண் அவள். ஊர்ப்பிள்ளைகள் படத்தையெல்லாம் சுமந்து வருகிறவர் வீட்டிலிருந்தே படம் வராவிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? அவரிடம் கேட்டால், “வேலையா இருக்கறாளுங்க” என்று இழுத்தார். பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் கோபத்தில், “படம் அனுப்பாதவங்க பேரை வகுப்புலருந்து எடுத்துருவேன், சொல்லிட்டேன்” என்று வாட்ஸ்அப்பில் சத்தம் போட்டு அனுப்பினேன். சும்மா மிரட்டல்தான். பகுதிநேர ஓவிய டீச்சருக்கு யார் பேரை எடுக்க அதிகாரம் இருக்கிறது? ஒரு டப்பா சாக்பீஸ் வேண்டுமென்றாலே நான் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க வேண்டும். ஆனால் அந்த மிரட்டல் வண்டியின் ஸ்பீக்கரில், ஊர் நடுவே, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலித்திருக்கிறது. அடுத்த புதன்கிழமை அந்தப் பெண்ணின் பெயர் போட்ட படம் வந்துவிட்டது.

நடந்ததை வண்டிக்காரர் எனக்குப் பிறகுதான் சொன்னார். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் ஊரிலேயே இல்லை. பல வருஷம் கழித்து அவள் அம்மா மறுபடி உண்டாகி, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மலையிலேயே ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஓர் ஊர் அது. துணைக்கு மகளும் போனாள். போன கையோடு ஊரடங்கு. அந்த ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பாதையில் மரத்தை வெட்டிப்போட்டு, மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக்குப் போய்வருகிற ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். தினமும் சந்தைக்குப் போகிற வண்டிக்காரரை விடுவார்களா? அரிசி பருப்பைக் கொண்டுபோய் மரத்துக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு அவர் திரும்ப வேண்டும். காவலுக்கு நிற்பவர்கள் அதன்மேல் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரைத் தெளித்து எடுத்துப்போவார்கள். மாமனாரே சொன்னாலும் அந்தக் கட்டுப்பாட்டை மீற முடியாது.

இதற்கிடையில் பையன் பிறந்துவிட்டான். சந்தை ஆள் என்பதால் அவரை ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குள் பட்டன் போன்தான், போட்டோ அனுப்பவும் வழி கிடையாது. பெற்ற பிள்ளையின் முகத்தை அந்த மனுஷர் இன்னும் பார்க்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்க, மாமனார் வேறு, “பொம்பளப் புள்ளைக்கு எட்டாவது போதும். ஊட்டுல கைக்கொழந்தை இருக்குது, அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்” என்று ஆரம்பித்திருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒன்பதாவது எட்டிய முதல் பெண் அவள். பள்ளியே அவள் பெயரை எடுத்துவிட்டது என்று சேதி போனால் தீர்ந்தது கதை, அப்புறம் மாமனாரிடம் பேச வாயே இருக்காது. அதனால்தான் என் மிரட்டலைக் கேட்ட அன்றைக்கே அவர் ஒரு பென்சில் வாங்கியிருக்கிறார்.

முதல் பாடம் பலாப்பழம். தினம் வண்டி வண்டியாகப் பலாப்பழம் தூக்குகிற ஆள் வரைந்தது எப்படி இருந்தது தெரியுமா? தாள் கிழியும் அளவுக்கு அழிரப்பர் தேய்த்து, நாலாபக்கமும் குச்சி குச்சியாக முள் நீட்டிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. “கண்ணு, பலாப்பழம் கேட்டேன். முள்ளம்பன்றி வந்திருக்கிறது. அவசரப்படாமல் போடு” என்று கீழே எழுதினேன். மத்தியானம் அவர் அதை வாங்கி, ரோட்டில் நின்றபடியே எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் விடவில்லை. “ஏனுங்க, உங்க பொண்ணு வகுப்புல எவ்வளவு நல்லாப் போடுவா! இப்ப என்னாச்சு அவளுக்கு? கையில என்ன கடப்பாரையா புடிச்சிருக்கறா?”

“சரிங்க டீச்சர். சொல்றேனுங்க,” என்றார். முகத்தில் ஒரு அசைவு கிடையாது.

அடுத்தடுத்து வந்தவையும் அந்த லட்சணந்தான். ஆடு கேட்டால் கயிற்றுக்கட்டில் வந்தது. “இது ஆடா, கட்டிலா? உட்காரலாமா?” என்று எழுதினேன். சேவலுக்கு மூன்று கால். “மூன்றாவது காலை யார் கொடுத்தது?” என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றையும் நின்று வாசிப்பார். “நல்லாத் திட்டியுடறீங்க, இன்னும் கொஞ்சம் திட்டுங்க. அப்பத்தான் புள்ளைக்கு ஒறைக்கும்” என்பார். பெற்ற மகளைத் திட்டச் சொல்லி இப்படிக் கேட்கிற தகப்பனை நான் பார்த்ததில்லை. ஊரடங்கு எல்லார் மூளையையும் கொஞ்சம் பதம் பார்க்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் மெல்ல மெல்லப் படங்கள் மாறின. சேவல் இரண்டு காலோடு வந்தது. வாழைமரம் வாழைமரமாகவே நின்றது. நான் பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பும் பாடத்திலெல்லாம் ஒன்றை விடாமல் சொல்வேன்: நினைச்சதைப் போடாதீங்க, பார்த்ததைப் போடுங்க. வினை அதில்தான் வந்தது. “உங்கள் ஊருக்கு வரும் பாதை” என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் வழக்கம்போல் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், பாம்பு மாதிரி ஒரு ரோடு, அதில் ஒரு பஸ் என்று போட்டிருந்தார்கள். இந்தப் பெண்ணின் பெயர் போட்ட தாளை எடுத்தேன்.

தாள் நடுவில் பெரிய ஸ்டியரிங். அதற்கு மேலே முன்கண்ணாடி. கண்ணாடிக்குள் கயிற்றில் தொங்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும். வெளியே ரோடு ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பிக் காணாமல் போகிறது. ரோட்டின் விளிம்புக்கு அப்பால் ஒன்றுமே வரையவில்லை, வெறும் வெள்ளைத் தாள். பஸ்ஸில் போகும்போது அந்த இடத்தில்தான் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் குட்டியூண்டு பலாப்பழங்கள். கோணல்மாணல்தான், ஆனாலும் என் வகுப்பில் அந்த வருஷம் வந்த படங்களிலேயே உயிருள்ள படம் அது. ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள். இடது கையில் பட்டை வாட்ச். புறங்கையில், பார்த்ததைப் போடு என்று நான் சொன்னபடியே, பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டிருந்த ரோமம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை நாளாக என்னை முட்டாளாக்கியிருக்கிறார். படத்தைச் சுருட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் அவர் வரும் முன்பே ரோட்டில் போய் நின்றேன். வண்டி வந்து நின்றது. அவர் இறங்கினார்.

“ஏனுங்க, உங்க பொண்ணு எப்பருந்து வாட்ச் கட்டறா?” என்று கேட்டேன்.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். மெதுவாக அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கையில முடி வேற மொளச்சிருக்குது. டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?”

“டீச்சருங்க,” என்று அவர் ஆரம்பித்தார். “எல்லாப் படமும் நாந்தானுங்க போட்டேன். புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. பேரை மட்டும் வெட்டிப்போடாதீங்க. வெட்டிட்டீங்கன்னா அவுங்க அப்புச்சி, எம் மாமனாரு, அவள அங்கயே நிறுத்திப்போடுவாருங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாதையில் வெட்டிப்போட்ட மரம், மஞ்சள் தண்ணீர், இன்னும் பார்க்காத பையன், எட்டாவது போதும் என்கிற மாமனார். சந்தையில் வண்டி வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங் மேல் தாளை வைத்து அவர் வரைவாராம். சுற்றி நிற்கும் லோடுமேன்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்களாம். சேவலின் மூன்றாவது கால் அப்படி வந்ததுதானாம். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ரோடு என்றும் பார்க்காமல் முகக்கவசத்துக்குள்ளேயே அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போய்விடுகிறது.

“பேரெல்லாம் யாரும் எடுக்க முடியாதுங்க. நான் சும்மா மிரட்டுனதுங்க அது,” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், தலையைச் சொறிந்துகொண்டு, “ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கறேன். அந்தப் பலாப்பழம் நெசமாலுமே முள்ளம்பன்னியாட்டந்தான் இருந்துச்சுங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“அத எப்படிங்க சரி பண்றது?”

விற்காமல் மீந்த ஒரு பழம் வண்டியில் கிடந்தது. அதை எடுத்துப் பானட் மேல் வைத்தேன். “முள்ளை ஒண்ணொண்ணாப் போடாதீங்க. முதல்ல பழத்தோட கனத்தைப் போடுங்க. வெளிச்சம் எங்க முடிஞ்சு நிழல் ஆரம்பிக்குதோ, அங்க மட்டும் முள்ளைக் காட்டுங்க, போதும்.” இருவரும் குனிந்து பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிகளைச் சோதிக்க நின்ற காவலர் சந்தேகத்தோடு வந்து, “பலாப்பழத்துக்குள்ள என்னம்மா தேடுறீங்க?” என்று கேட்டார். நிழல் தேடுகிறோம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே இன்னொன்றும் முடிவு செய்தோம். அரிசி மூட்டையோடு மகளுக்குப் பாடத்தாளும் போகும். மஞ்சள் தண்ணீரில் நனையாமல் இருக்கப் பால் கவருக்குள் போட்டு, வாயை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டிக் கொடுத்தேன். வரைந்ததை மரத்தடைக்கு இந்தப் பக்கம் அவள் கொடுத்தனுப்ப வேண்டும். உள்ளே வருவதற்குத்தான் கட்டுப்பாடு, வெளியே போகும் படத்துக்கு என்ன கட்டுப்பாடு? “உனக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது எதுவோ, அதை வரை” என்று எழுதி அனுப்பினேன்.

அடுத்த புதன்கிழமை வண்டி தூரத்தில் வரும்போதே ஹாரன் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். இறங்கினவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்குகிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நெற்றியில் முடி சுருண்டு கிடக்கிறது. ஒரு கை மட்டும் தொட்டிலுக்கு வெளியே வந்து சேலையைப் பிடித்திருக்கிறது.

“எம் பையனுங்க டீச்சர்,” என்றார். “இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்.”

இத்தனை வருஷம் படம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது ஒரு பாடமா என்று கேட்டவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரு படம் இப்படியும் உபயோகப்படும் என்று நான்கூட நினைத்ததில்லை. அவர் அந்தத் தாளை என் கையில் கொடுக்கவே பயந்தார். “இதுல பேனா வெக்காதீங்க. மார்க்கெல்லாம் வேண்டாமுங்க,” என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு சந்தேகமுங்க. வெரலு ஆறா இருக்குதுங்களே?”

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான் இருந்தது. “கைக்குழந்தை கையைக் காலை ஆட்டிக்கிட்டே இருக்கும். ஒரு விரலை ரெண்டு தரம் போட்டிருப்பா,” என்றேன்.

“நெசமாத்தானுங்களா?”

“நான் டீச்சரா, நீங்க டீச்சரா?” என்று ஒரு அதட்டல் போட்டேன். உள்ளுக்குள் எனக்கும் உறுதியில்லை.

பலா சீசன் முடியும் தறுவாயில் அந்த ஊர்க்காரர்கள் மரத்தை அப்புறப்படுத்தினார்கள். அன்றைக்கே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போன இடத்தில் நடந்ததை அவர் ஒரு விதமாகவும் மகள் ஒரு விதமாகவும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டிலும் பொதுவானதை மட்டும் சொல்கிறேன். போன மனுஷர் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தையின் கையைப் பிரித்து எண்ணினார். ஐந்து. மறு கையையும் எண்ணினார், அதிலும் ஐந்து. அப்புறம்தான் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாராம்.

சாப்பாடு முடிந்ததும் மாமனார் பேச்சை எடுத்தார். “இத்தன மாசமா பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்குது. அரிசி மூட்டையில தாளு வந்தா அது பள்ளிக்கூடம் ஆயிருமா? இவ பேரு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. இங்கயே இருக்கட்டும் உடுங்க மாப்பிள்ளை.”

இவர் எழுந்துபோய் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்துவந்தார். மகள் பெயரில் தான் போட்ட அத்தனை படமும் அதில் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவளை நினைத்து நான் எழுதிய வசவு. “மறக்கலீங்க மாமா. வாராவாரம் திட்டியிருக்கறாங்க, நீங்களே பாருங்க.”

மாமனாருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தியை வாசிக்கச் சொன்னார். அவள் முதல் தாளை எடுத்தாள். முள்ளம்பன்றி. இரண்டாவது, கட்டில் ஆடு. மூன்றுகால் சேவல். கீழே எழுதியிருந்ததை வாசிக்க வாசிக்க அவள் முகம் சிவந்துவிட்டது. “ஏம்ப்பா! இதையெல்லாமா எம் பேருல குடுத்த? டீச்சரு என்னையப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க? என் கூடப் படிக்கறவளுக எல்லாம் பாத்திருப்பாளுகளே! நான் பள்ளிக்கூடம் போயே ஆகோணும். போயி, இந்தக் கருமத்த நான் போடலைன்னு எல்லாத்துக்கும் காட்டோணும்!” என்று கத்தி அழுதிருக்கிறாள்.

மாமனாரோ கட்டில் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருமல் வரும்வரை சிரித்தாராம். “உட்காரலாமான்னு கேட்டிருக்கறாங்களா? இன்னொருக்கா படி சாமி,” என்று மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாராம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தத் திட்டுத் திட்டறவங்க புள்ளைய அம்போன்னு உட்டுட மாட்டாங்க. போயிட்டு வரட்டும்,” என்று சொல்லிவிட்டார். என் வாயைப் பற்றி என் வீட்டில் இதுவரை ஒருவரும் நல்லபடியாகச் சொன்னதில்லை. இந்தக் கதையை வீட்டுக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்.

அதன் பிறகு பள்ளி திறக்கும்வரை அந்தப் பெண்ணின் படங்கள் அவள் கையாலேயே வரைந்து வந்தன. பலாவுக்குப் பதில் அன்னாசியோடும், பிறகு மிளகு மூட்டைகளோடும் வந்தன. அவள் அப்பா கட்டைக் கொடுப்பார், வாங்குவார், கிளம்புவார். படம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்தது, விட்டுவிட்டார் என்று நானும் இருந்துவிட்டேன்.

மிளகு அறுப்பு முடிந்த சமயம் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தார்கள். அத்தனை மாசம் கழித்து அந்த வளைவுகளில் பஸ்ஸில் ஏறினேன். முன்போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போனேன், அதுகூட நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் அந்தப் பெண் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சாக்பீஸை எடுப்பதற்குள் எழுந்து, “மிஸ், அந்த ஆடு நான் போட்டது இல்லீங்க,” என்றாள். வகுப்பே சிரித்தது. தெரியும், உட்கார் கண்ணு என்றேன்.

மத்தியானம் வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே பிக்கப் நின்றது. மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவளுக்கு இன்னும் வகுப்பு இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் வண்டிக்குள் குனிந்து, நூல் போட்டுக் கட்டிய ஒரு தாள்சுருளை எடுத்தார். கொடுப்பதா வேண்டாமா என்பது போல அதைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார்.

“எம் புள்ள வந்துட்டாளுங்க டீச்சர். அவ படத்த அவளே போட்டுக்குவா. அவ பேருல இனி நாங் குடுக்க முடியாதுங்க,” என்றார். “எம் படத்த இனி யாருங்க பாப்பாங்க?”

நூலை அவிழ்த்தேன். அத்தனை மாசமும் அவர் வரைந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். சந்தையில் தூங்கும் லோடுமேன், மழை வழியும் கண்ணாடி, தொட்டிலில் பையன், மறுபடி பையன், பல் முளைத்த பையன். எல்லாவற்றையும் அங்கேயே நின்று பார்த்தேன். எதிலும் பெயர் இல்லை. மகள் பெயரை எழுதும் மூலை எல்லாத் தாளிலும் காலியாக இருந்தது.

“பேரே இல்லையே. யாரு படம்னு நான் எப்படிங்க மார்க் போடறது?” என்று கேட்டேன்.

“எம் பேரப் போடலாமுங்களா?”

“பின்ன, என் பேரையா போடுவீங்க?”

அவர் என் பேனாவை வாங்கி, தாளைப் பானட் மேல் விரித்து, முதல் படத்தின் மூலையில் தன் பெயரை நிதானமாக எழுதினார். நான் மார்க் போட்டேன். திட்டவும் திட்டினேன்.